புதுப்பிப்பு: ராயபுரம் பழைய பள்ளிக் கட்டடம், உப்புப் பூத்த சுவர்

நாங்கள் படித்த பள்ளியின் பழைய கட்டடத்தில் சுவரின் அடிப்பக்கம் உப்புப் பூத்து உதிர்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்துவிட்டது.

கைகொடுத்தது காரைக்குடி அண்ணன் சொன்ன வழிதான்: சிமெண்ட் பூச்சை முழுக்க உரித்துவிட்டு, பழையபடி சுண்ணாம்பே பூசுவது. செங்கலும் சுண்ணாம்பும் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். மேலே சிமெண்ட் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே நின்று, உப்போடு சேர்ந்து பூச்சைத் தள்ளிவிடும். கடல் பக்கம் என்பதால் இங்கே உப்புக்குப் பஞ்சமே இல்லை. வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் யோசனையை இதனால்தான் விட்டோம்.

கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் கொத்தனார் சுண்ணாம்பைக் குழைத்தார். அந்தப் புளித்த வாடைக்குப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள்!

எதிர்பாராதது ஒன்று. பூச்சை உரித்தபோது, கூரைக்குக் கீழே செங்கல் வைத்து அடைத்திருந்த வளைவுச் சாளரங்கள் தெரிந்தன. திறந்துவிட்டோம், வகுப்பில் புழுக்கம் நன்றாகவே குறைந்திருக்கிறது. மேலே மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய பாணிக் கூரை. தேக்குக் கட்டைகள்மேல் குத்துவாட்டில் நிறுத்தி, மூலைவாட்டாக அடுக்கிய செங்கல் இன்னும் உறுதியாக இருப்பதால் அதைத் தொடவில்லை.

அப்புறம், இதே வேலை செய்பவர்களுக்கு: பூச்சு மெதுவாகத்தான் காயும், அவசரப்படுத்தாதீர்கள். மேலே எமல்ஷன் பெயிண்ட் வேண்டாம், வெள்ளையடித்தால் போதும்.