கடைசி பஸ்ஸை எடுத்துவிட்டார்கள்: கேட்பது கவுன்சிலிடமா, பஸ் கம்பெனியிடமா?

நெல்லைச்செல்வி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தில் ஒரு கிராமத்துக் கேர் ஹோமில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் பாளையங்கோட்டை. வந்து 14 மாதம் ஆகிறது. நம் ஊர் லைசென்ஸை வைத்து இங்கே 12 மாதம்தான் ஓட்டலாம், அது முடிந்துவிட்டது. டிரைவிங் டெஸ்டுக்குத் தேதி இன்னும் கிடைக்கவில்லை. அதனால் எனக்கு எல்லாமே பஸ்தான்.

டவுனில் ஒரு அறை எடுத்திருக்கிறேன். அங்கிருந்து கேர் ஹோம் ஏழு மைல். மதிய ஷிஃப்ட் இரவு 9 மணிக்கு முடியும். 9.20-க்கு ஒரு பஸ் இருந்தது, நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தேன். போன மாதம் ஸ்டாப்பில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் தொங்கியது. இனிமேல் கடைசி பஸ் 7.40-ஆம். பஸ்ஸுக்கு 3 பவுண்ட் கொடுத்துக்கொண்டிருந்தவள் இப்போது டாக்ஸிக்கு 19 பவுண்ட் கொடுக்கிறேன். வாரத்தில் நான்கு இரவு. வீட்டுக்கு அனுப்பும் பணத்தில்தான் கை வைக்க வேண்டியிருக்கிறது.

கம்பெனிக்குப் போன் செய்தேன். கவுன்சில், அதாவது உள்ளூராட்சி, கொடுத்துவந்த பணம் நின்றுவிட்டது என்றார்கள். கவுன்சிலுக்குப் போன் செய்தேன். நேர அட்டவணை கம்பெனியின் வணிக முடிவு, நாங்கள் தலையிட முடியாது என்றார்கள். அந்தத் தாளின் அடியில் இரண்டு தரப்பின் சின்னமும் இருக்கிறது, 'என்ஹான்ஸ்டு பார்ட்னர்ஷிப்' என்று எழுதியிருக்கிறது. கூட்டாளிகள் என்றால் ஆளுக்கொரு பதில் ஏன் சொல்கிறார்கள்? நான் யாரைப் பிடிக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பஸ்காரன்_ஆக்ஸ்ஃபோர்ட் எழுதியது:

தங்கச்சி, நான் 18 வருடமாக ஆக்ஸ்ஃபோர்ட் பக்கம் பஸ் ஓட்டுகிறேன். ஊர் சாவகச்சேரி. உங்களுக்குக் கிடைத்த இரண்டு பதிலும் ஒருவேளை உண்மையாகவே இருக்கலாம். அதை முதலில் விளங்கிக்கொண்டால் யாரைப் பிடிப்பது என்பது தெரிந்துவிடும்.

எங்கள் ஊரிலும் சரி, உங்கள் ஊரிலும் சரி, தனியார் பஸ் என்றாலும் ரூட் பெர்மிட் வேண்டும், கட்டணத்தை அரசாங்கம் வைக்கும். இங்கே லண்டனுக்கு வெளியே அப்படியில்லை. 1985-ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் 1986 அக்டோபர் 26-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து எந்த ரோட்டில் ஓட்டுவது, எத்தனை மணிக்கு ஓட்டுவது என்பதெல்லாம் கம்பெனியின் இஷ்டம். லாபம் வராத இடத்தில் பஸ் வேண்டுமென்றால் கவுன்சில் தன் பணத்தைக் கொடுத்து அந்த ஓட்டத்தை வாங்க வேண்டும்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ஒரே நம்பர் பஸ்ஸில் பகல் ஓட்டம் கம்பெனியுடையதாகவும், இரவு ஓட்டம் மட்டும் கவுன்சில் காசில் ஓடுவதாகவும் இருக்கலாம். பஸ்ஸின் நிறம் ஒன்று, டிரைவர் ஒருவர், ஆனால் கணக்கு இரண்டு. ஆகவே உங்கள் 9.20 பஸ் எந்தக் கணக்கில் ஓடியது என்பதுதான் முதல் கேள்வி. கவுன்சிலில் பாசஞ்சர் டிரான்ஸ்போர்ட் பிரிவு என்று ஒன்று இருக்கும். பொது நம்பரில் எடுப்பவர்களுக்கு இது தெரியாது. அந்தப் பிரிவுக்கு ஈமெயில் போட்டு இதை மட்டும் கேளுங்கள்.

சரி, பார்ட்னர்ஷிப், அதாவது கூட்டாண்மைக்கு வருகிறேன். நான் டிரைவர் சீட்டில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். பஸ் கம்பெனியுடையது. ரோடு கவுன்சிலுடையது. சிக்னல், பஸ் லேன், ஸ்டாப், பார்க்கிங், குழி தோண்டுகிற அனுமதி எல்லாம் கவுன்சில் கையில். ஒரு ரூட் போய்வர 60 நிமிடம் என்றால், 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் விட ஆறு பஸ் போதும். அதே ரோட்டில் நெரிசல் கூடி 70 நிமிடம் ஆகிவிட்டால் ஏழாவது பஸ் வேண்டும், அதற்கு டிரைவர்கள் வேண்டும். ஒரு ஆள்கூடக் கூடுதலாக ஏறியிருக்க மாட்டார். கம்பெனி அந்த ஏழாவது பஸ்ஸை வாங்காது. 12 நிமிடத்துக்கு ஒன்றாக்கிவிடும். பஸ் பிந்தினால் ஆட்கள் காருக்குப் போவார்கள், கார் கூடினால் பஸ் இன்னும் பிந்தும். கவுன்சில் 200 மீட்டர் பஸ் லேன் ஒன்றை வடிவாகப் போட்டால், நாள் முழுக்க ஒரு பஸ்ஸையும் அதன் டிரைவர்களையும் மிச்சம் பிடித்துக் கொடுத்த மாதிரி. அந்த மிச்சத்தை எங்கே செலவழிப்பது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுவதுதான் கூட்டாண்மை.

ஆக்ஸ்ஃபோர்டில் கௌலி ரோடு என்று ஒரு ரோடு. நம் ஆட்களின் கடையும் அந்தப் பக்கம் உண்டு. முன்பு அங்கே இரண்டு கம்பெனி பஸ்களும் ஒன்றின் பின்னால் ஒன்றாக ஓடும். ஒரு கம்பெனியில் எடுத்த ரிட்டர்ன் டிக்கெட் மற்றதில் செல்லாது. இரண்டு பேரும் சேர்ந்து நேரத்தைப் பிரித்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போட்டிச் சட்டம் அதற்குக் குறுக்கே நின்றது. போட்டி நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி நேரம் வைத்தால் குற்றம். கவுன்சில் நடுவில் நின்று, பயணிகளுக்கு நன்மை என்று சான்று கொடுத்தால்தான் அது சட்டப்படி செல்லும். 2011 ஜூலையில் அப்படி ஓர் ஒப்பந்தம் நடந்தது. முக்கிய ரோடுகளில் இரண்டு கம்பெனியும் ஒரே நேர அட்டவணையில் மாறி மாறி ஓட ஆரம்பித்தன, டிக்கெட் இரண்டிலும் செல்லுபடியானது. நகர மையத்தில் நுழையும் பஸ் குறைந்தது, ஸ்டாப்பில் நிற்கிறவர் காத்திருக்கும் நேரமும் குறைந்தது. அதற்கு முன்னும் பின்னும் அந்த ரோட்டில் ஓட்டியவன் என்பதால் சொல்கிறேன், முன்னால் போகிற பஸ்ஸை முந்த வேண்டும் என்கிற அந்தப் பதற்றம் போனதே எனக்குப் பெரிய நிம்மதி.

பிறகு 2017-இல் வந்த பஸ் சட்டம்தான் நீங்கள் தாளில் பார்த்த 'என்ஹான்ஸ்டு பார்ட்னர்ஷிப்' என்பதைக் கொண்டுவந்தது. 2021 மார்ச்சில் அரசு தேசிய பஸ் கொள்கையை வெளியிட்டு, கவுன்சில்கள் இந்தக் கூட்டாண்மைக்கு வர வேண்டும், இல்லையென்றால் மான்செஸ்டர் போல பஸ்களைத் தன் பொறுப்பில் எடுக்க வேண்டும் என்றது. இப்போது இங்கிலாந்தில் பெரும்பாலான இடங்களில் இது இருக்கிறது. இது வெறும் கைகுலுக்கல் இல்லை, சட்டப்படி கட்டுப்படுத்தும். கவுன்சில் பஸ் லேன் போடுவதாக எழுதினால் போட வேண்டும். கம்பெனி வருடத்துக்கு இத்தனை தடவைக்கு மேல் அட்டவணையை மாற்றமாட்டேன் என்று ஒத்துக்கொண்டால் மாற்றக்கூடாது. இங்கே ஆக்ஸ்ஃபோர்டில் அரசு, கவுண்டி (மாவட்டம் மாதிரி) கவுன்சில், கம்பெனிகள் மூன்றும் பணம் போட்டு 159 மின்சார பஸ் வாங்கினார்கள். அதற்குக் கம்பெனிகள் கேட்டது பஸ் பயண நேரம் 10 சதவீதம் குறைய வேண்டும் என்பதுதான். இப்போது நான் ஓட்டுவது அதில் ஒன்று. சத்தமில்லாத பஸ், இரவு வீட்டுக்குப் போனால் காது இரைவதில்லை.

ஆனால் உங்கள் 9.20 அந்த ஒப்பந்தத் தாளில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். திட்டம் முழுவதும் கவுன்சில் இணையதளத்தில் இருக்கும். எடுத்துப் படியுங்கள்.

போல்டன்_கணேஷ் எழுதியது:

பஸ்காரன் அண்ணா சொல்வது எல்லாம் சரி. ஆனால் கூட்டாண்மை என்பது கம்பெனி மனது வைத்தால்தான். நான் போல்டனில் இருக்கிறேன். இங்கே 2023 செப்டம்பர் 24-ஆம் தேதி முதல் பஸ்கள் கிரேட்டர் மான்செஸ்டர் நிர்வாகத்தின் கீழ் வந்துவிட்டன, 2025 ஜனவரி 5-இல் பத்து பகுதிகளும் சேர்ந்துவிட்டன. எல்லாமே மஞ்சள் பஸ். ரூட், நேரம், கட்டணம் எல்லாம் நிர்வாகம் முடிவு செய்கிறது, கம்பெனி ஒப்பந்தத்துக்கு ஓட்டுகிறது, அவ்வளவுதான். செல்வி அக்காவின் ஊரிலும் அதைக் கேட்க வேண்டும். யார் பொறுப்பு என்கிற கேள்வியே வராது.

பஸ்காரன்_ஆக்ஸ்ஃபோர்ட் எழுதியது:

தம்பி, உங்கள் ஊர் முறையை நான் குறை சொல்லவில்லை, எனக்கும் அது பிடிக்கும். ஆனால் மேயர் ஆண்டி பர்னம் 2021 மார்ச்சில் முடிவெடுத்தார், கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின, முதல் மஞ்சள் பஸ் ஓட இரண்டரை வருடம் ஆனது. அது பெரிய நகரம், பெரிய நிர்வாகம். ஒரு கிராமப்புறக் கவுண்டியில் நாலு பேர் இருக்கிற போக்குவரத்துப் பிரிவு அதை எடுத்து நடத்த எவ்வளவு காலம் ஆகும்? தங்கச்சிக்கு வருகிற வியாழக்கிழமை இரவு வீட்டுக்குப் போக வேண்டும். இருக்கிற கூட்டாண்மை மேசையில் உட்கார்ந்து கேட்பதுதான் கெதியான வழி.

நெல்லைச்செல்வி எழுதியது:

அண்ணா, நீங்கள் சொன்னபடி அந்தப் பிரிவுக்கு எழுதினேன். மூன்றே நாளில் பதில் வந்துவிட்டது! இரவு 7.40-க்குப் பிறகு ஓடிய இரண்டு ஓட்டமும் கவுன்சில் பணத்தில் ஓடியவையாம். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் கம்பெனி புதிதாகக் கேட்ட தொகை அதிகம் என்று விட்டுவிட்டார்களாம். கூட்டாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு முன்னால் நான் எழுத்தில் கொடுத்தால் வைப்பதாகச் சொல்கிறார்கள். ஒரு அரை மணி நேர ஓட்டத்துக்கு ஏன் இவ்வளவு தொகை கேட்கிறார்கள்? என்ன எழுதினால் நடக்கும்? எனக்கு இங்கிலீஷ் பரவாயில்லை, விஷயம்தான் வேண்டும்.

பஸ்காரன்_ஆக்ஸ்ஃபோர்ட் எழுதியது:

மிகவும் சந்தோஷம். அந்த அரை மணி நேரக் கணக்கைச் சொல்கிறேன், கடிதத்தில் அதுதான் உயிர்.

இங்கே உள்ளூர் பஸ் டிரைவர் ஐந்தரை மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரம் ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும். நாளுக்கு 10 மணி நேரத்துக்கு மேல் ஓட்ட முடியாது. 7.40 பஸ்ஸை ஓட்டி முடித்தவர் டிப்போவுக்குப் போகிறார் என்றால், 9.20-க்காக அவரை நிறுத்திவைக்கவும் வேண்டும், நடுவில் சும்மா இருக்கிற நேரத்துக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும். சில நேரம் அதற்கென்றே இன்னொரு ஷிஃப்ட் போட வேண்டிவரும். அதனால்தான் ஒரு ஓட்டத்தின் விலை அரை மணி நேரத்தின் விலையாக இருப்பதில்லை.

ஆகவே பழைய 9.20 வேண்டும் என்று மட்டும் எழுதாதீர்கள். வேறு ரூட்டில் இரவு ஓடி முடித்து வெறும் பஸ்ஸாக டிப்போவுக்குத் திரும்புகிற வண்டி ஏதும் உங்கள் பக்கம் வருகிறதா என்று கேளுங்கள். அப்படி ஒன்று இருந்தால் கிராமத்துக்குள் நுழைந்து போக அதற்குச் செலவு கொஞ்சம்தான். சிறு தொகை என்றால் டெண்டர் போடாமலே கவுன்சில் கம்பெனியிடம் நேராக வாங்கவும் சட்டத்தில் இடமுண்டு. கேர் ஹோம் மேனேஜரிடமும் பேசுங்கள். 9 மணிக்கு முடிகிற ஷிஃப்டை 8.45 ஆக்க முடியுமென்றால் பஸ்ஸுக்கு இன்னும் வழி திறக்கும். கேர் ஹோமுக்கு ஆள் கிடைக்காத காலம் இது, அவருக்கும் இதில் அக்கறை இருக்கும்.

பக்கத்தில் புது வீடுகள் கட்டுகிறார்களா? வீடு கட்டுகிறவர்களிடம் திட்டமிடல் சட்டத்தின் 106-ஆம் பிரிவு ஒப்பந்தத்தில் பஸ்ஸுக்கென்று பணம் வாங்குவது இங்கே வழக்கம். சில இடங்களில் அந்தப் பணம் செலவாகாமலே கிடக்கும். உங்கள் பகுதியில் அப்படி எவ்வளவு இருக்கிறது என்று ஒரு வரி கேளுங்கள். கிராமத்துப் பாரிஷ் கவுன்சிலுக்கும் (உங்கள் ஊர் பஞ்சாயத்து மாதிரி) ஒரு பிரதி அனுப்புங்கள், அவர்கள் பங்கு போட்டு ஓட வைத்த பஸ்களும் உண்டு.

இன்னொன்று. 2025-இல் வந்த புதிய பஸ் சட்டம், மக்களுக்கு அவசியமான ஓட்டங்கள் எவை என்று கூட்டாண்மைத் திட்டத்திலேயே பட்டியல் போட வேண்டும் என்கிறது. வேலைக்குப் போய்வர உதவும் ஓட்டமும் அதில் வரும். உங்கள் ஓட்டத்தை அந்தப் பட்டியலில் சேர்க்கும்படி அதே கடிதத்தில் கேளுங்கள். ஒரு தடவை பட்டியலில் ஏறிவிட்டால் அடுத்த தடவை சத்தமில்லாமல் எடுக்க முடியாது.

ஆட்களை எண்ணி எழுதுங்கள். 'பலர் கஷ்டப்படுகிறோம்' என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எத்தனை பேர், எங்கே ஏறி எங்கே இறங்குவார்கள் என்று இருக்க வேண்டும்.

நெல்லைச்செல்வி எழுதியது:

எண்ணிவிட்டேன் அண்ணா. எங்கள் கேர் ஹோமில் நாங்கள் நான்கு பேர், பக்கத்துக் கிராமத்து ஹோட்டல் கிச்சனில் மூன்று பேர், அப்புறம் இரவு ஷிஃப்டுக்கு எதிர்ப்பக்கம் வருகிற இரண்டு பேர். திங்கள், செவ்வாய், வியாழன், சனி. மேனேஜர் 8.50-க்கு விடுவதாக எழுத்தில் கொடுத்துவிட்டார். கிராமத்துக்கு வெளியே 84 வீடு கட்டுகிறார்கள், போர்டு பார்த்தேன். கூட்டம் அடுத்த புதன், பத்து மணிக்கு. லீவு போட்டுவிட்டேன்.

பஸ்காரன்_ஆக்ஸ்ஃபோர்ட் எழுதியது:

ஒன்பது பேர் போதும். அந்தப் பட்டியலை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள், ஒன்று கவுன்சில்காரருக்கு, ஒன்று கம்பெனியிலிருந்து வருகிற அட்டவணை போடுகிறவருக்கு. அவர் வந்திருக்கிறாரா என்று உள்ளே போனதும் கேளுங்கள். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெறுமனே திரும்புகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.