வேகத்துக்கு ஏற்பக் கனக்கும் ஸ்டீயரிங்: உங்கள் கைக்கு எப்படி இருந்தது?

தெம்பனிஸ், தனியார் வாடகைக் கார் ஓட்டுபவர்

பத்து வருடம் ஓட்டிய சொந்தக் காருக்கு சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) முடிந்து கழிவுக்குப் போய்விட்டது. அதில் எண்ணெய் அழுத்தத்தால் உதவும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங். ஊர்ந்தாலும் ஓடினாலும் கையில் ஏறக்குறைய ஒரே கனம். இப்போது வாடகைக்கு எடுத்திருக்கும் காரில் மின்மோட்டார் ஸ்டீயரிங். முதல் நாள் வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) பலமாடி கார் நிறுத்துமிடத்தில் சுற்றிச் சுற்றி மேல்மாடிக்கு ஏற்றினேன். ஒற்றை விரலால் திருப்பிவிடலாம், அவ்வளவு லேசு. சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது. இதை வைத்துக்கொண்டு பிஐஇ விரைவுச்சாலையில் 90 கிமீ வேகத்தில் எப்படிப் போவது? தும்மினால்கூட அடுத்த தடத்துக்குப் போய்விடுமே என்று நினைத்தேன்.

விரைவுச்சாலையில் ஏறியதும் வேறு கார் மாதிரி ஆகிவிட்டது. அறுபதைத் தாண்டும்போதே ஸ்டீயரிங் மெல்ல இறுகியது. பாய லேபர் வருவதற்குள் பயம் போய்விட்டது. லாரி பக்கத்தில் கடக்கும்போது அடிக்கும் காற்றுக்குக்கூடக் கையை அதிகம் அசைக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று. மூன்று வாரமாக நிறுத்துமிடத்தில் முன்பு இருந்த அந்த லேசு இல்லை. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா? வேகம் கூடும்போது உள்ளே என்னதான் நடக்கிறது?

காக்கி புக்கிட், வொர்க்‌ஷாப்பில் 14 வருடம்

அண்ணே, ஸ்டீயரிங் தண்டில் முறுக்கை அளக்கும் சென்சார் ஒன்று இருக்கிறது. நீங்கள் எவ்வளவு பலமாகத் திருப்புகிறீர்கள் என்று அது கணினிக்குச் சொல்லும். சக்கரங்களில் இருக்கும் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) சென்சார்கள் வழியாக வண்டியின் வேகமும் போகும். இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் மோட்டார் எவ்வளவு தள்ள வேண்டும் என்று முடிவாகிறது. மெதுவாகப் போனால் நிறையத் தள்ளும், வேகம் கூடக் கூட உதவியைக் குறைத்துக்கொள்ளும். அதாவது ஸ்டீயரிங் தானாக இறுகுவதில்லை. மோட்டார் ஒதுங்கிக்கொள்வதால் டயரின் கனம் உங்கள் கைக்கு வருகிறது.

ஹைட்ராலிக்கிலும் இந்த வசதி இருந்தது. 1970-லேயே சிட்ரோயன் எஸ்எம் காரில் வேகத்துக்கு ஏற்பக் கனக்கும் ஸ்டீயரிங் வைத்தார்கள். பிறகு இசட்எஃப் நிறுவனத்தின் சர்வோட்ரானிக் வந்தது, அதில் எண்ணெய் அழுத்தத்தை மின் வால்வு கட்டுப்படுத்தும். மின்மோட்டார் வகை 1988-ல் சுசுகி செர்வோ என்ற சின்னக் காரில் வந்தது.

நிறையப் பேர் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. வேகத்தில் ஸ்டீயரிங் கனப்பதால் கார் குறைவாகத் திரும்பும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. இந்த வகையில் மாறுவது உங்கள் கை போட வேண்டிய பலம் மட்டும். ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினால் டயர் எவ்வளவு திரும்பும் என்ற கணக்கு அப்படியே இருக்கும். அந்தக் கணக்கையே மாற்றுவது வேறு அமைப்பு, 2003-ல் பிஎம்டபிள்யூ 5 சீரிஸில் வந்தது. அதே அளவு திருப்பினால் 40-ஐ விட 80-ல் கார் பக்கவாட்டில் இழுக்கும் விசை ஏறக்குறைய நாலு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்காகும். அந்த வேகத்தில் கை தெரியாமல் அசைந்துவிடக் கூடாது என்றுதான் உதவியைக் குறைக்கிறார்கள்.

உங்கள் வண்டிக்கு முதலில் டயர் காற்றைப் பாருங்கள். நிறுத்துமிடத்தில் மட்டும் கனமா, விரைவுச்சாலையிலும் வித்தியாசம் தெரிகிறதா என்றும் கவனித்துச் சொல்லுங்கள்.

ஜூரோங் வெஸ்ட்

நான் மாதம் ஒருமுறை அம்மாவைப் பார்க்க ஈப்போ போகிறவள். துவாஸ் வழியாகத் தாண்டி வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110 வரை போகலாம். ஸ்டீயரிங் கனமாக இருந்தால் கார் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நான் வருடக்கணக்கில் நம்பியிருந்தேன்.

போன டிசம்பரில் யோங் பெங் தாண்டிக் கொட்டுகிற மழை. தொண்ணூறில் போய்க்கொண்டிருந்தேன். தண்ணீர் தேங்கிய இடத்தில் கையிலிருந்த கனம் திடீரென்று காணாமல் போயிற்று. இரண்டு விநாடிகூட இருக்காது. ஸ்டீயரிங் கையில் இருக்கிறது, அதன் மறுமுனையில் ஒன்றுமே இல்லை. டயர் தண்ணீரின் மேல் மிதந்துவிட்டது. பிரேக்கைத் தொடாமல், ஸ்டீயரிங்கை நேராகவே வைத்து ஆக்சிலரேட்டரை மட்டும் மெதுவாக விட்டேன். பிடிப்பு திரும்பியபோது கனமும் திரும்பியது. பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மச்சாப் ஓய்விடத்தில் நிறுத்திக் கை நடுக்கம் அடங்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கனத்தில் ஒரு பங்கு டயர் சொல்வது, ஒரு பங்கு மோட்டார் விட்டுக்கொடுப்பது. காய்ந்த சாலையில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. இப்போது மழையென்றால் வேகத்தை முன்னாலேயே குறைத்துவிடுகிறேன். டயர் பள்ளங்கள் தேய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு பார்க்கிறேன்.

யீஷூன்

எனக்கு நேர்ந்தது வேறு. ஒருநாள் காலையில் ஏபிஎஸ் விளக்கும் ஸ்டீயரிங் விளக்கும் சேர்ந்து எரிந்தன. நிறுத்துமிடத்திலிருந்து வண்டியை எடுக்கவே தோள் வலித்தது. விரைவுச்சாலையில் போனால் எப்போதும் போலத்தான் இருந்தது. முதலில் போன வொர்க்‌ஷாப்பில் ஸ்டீயரிங் மொத்தத்தையும் மாற்ற வேண்டும் என்று ஆயிரக்கணக்கில் வெள்ளி சொன்னார்கள். மனம் ஒப்பவில்லை. வேறு இடத்தில் கணினியை மாட்டிப் பார்த்தார்கள். முன்சக்கரத்து ஏபிஎஸ் சென்சாரின் ஒயர் அறுந்திருந்தது. அதை மாற்றியதும் இரண்டு விளக்கும் அணைந்தன.

காக்கி புக்கிட்

யீஷூன் நண்பர் சொன்னது முக்கியம். வேகம் தெரியாமல் போனால் பல கார்கள் வேகமாகப் போவதாகவே எடுத்துக்கொண்டு உதவியைக் குறைத்துவிடும். நிறுத்துமிடத்தில் சிரமப்பட்டாலும் பரவாயில்லை, 90-ல் ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி ஆகிவிடக் கூடாது என்பதுதான் யோசனை. அதனால்தான் அவருக்கு விரைவுச்சாலையில் வித்தியாசம் தெரியவில்லை. மோட்டாரே பழுது என்றால் எல்லா வேகத்திலும் தெரியும். பலவீனமான பேட்டரியும் சேட்டை செய்யும். நின்ற இடத்தில் திருப்பும்போது அந்த மோட்டார் நிறைய மின்சாரம் இழுக்கும். அதோடு, நின்றபடியே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திரும்பத் திரும்பத் திருப்பாதீர்கள். மோட்டார் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ள உதவியைக் குறைக்கும். கார் கொஞ்சம் உருளும்போது திருப்புங்கள்.

செங்காங்

என் காரில் ஸ்போர்ட் முறையைத் தட்டினால் ஸ்டீயரிங் கனக்கும். வளைவில் வண்டி நன்றாகத் திரும்புவதாகத் தோன்றும். அலைன்மென்ட் பார்க்கப் போனபோது கேட்டேன், என் காரில் அந்தப் பொத்தானால் டயரும் சஸ்பென்ஷனும் மாறுவதில்லை என்றார்கள். இருந்தாலும் நீண்ட பயணத்துக்கு அதைத்தான் போடுகிறேன். கை நிதானமாக இருக்கிறது, ஈசிபி விரைவுச்சாலையில் ஷியர்ஸ் பாலத்தின் மேல் பக்கக்காற்று அடிக்கும்போது ஒரு தைரியம்.

தெம்பனிஸ்

காற்று பார்த்தேன். முன் டயர் இரண்டிலும் 33 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். இடதில் 23, வலதில் 25 காட்டியது. பெட்ரோல் நிலையத்தில் நிரப்பிவிட்டு அதே நிறுத்துமிடத்தில் அதே வளைவில் ஏற்றினேன், பழைய லேசு திரும்பிவிட்டது. மூன்று வாரம் அந்த டயர்களோடு பயணிகளை ஏற்றியிருக்கிறேன் என்பதுதான் உறுத்துகிறது. இடதில் ஆணி ஏதாவது ஏறியிருக்கிறதா என்று நாளை டயர் கடையில் கழற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஜூரோங் வெஸ்ட் சகோதரி சொன்ன பிறகு பள்ளங்களையும் அளக்கச் சொல்கிறேன்.