காற்றில் நிற்கும் எக்ஸ்-கதிர் முகிலைத் தாண்டுவது எப்படி?

வெல்டு_ஃபிலிம்:
சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் வெல்டிங் பரிசோதனை என் வேலை. ராத்திரி ஆள் நடமாட்டம் ஓய்ந்த பிறகு கயிறு கட்டி, எச்சரிக்கை விளக்கு போட்டு, குழாய்க்குப் பின்னால் ஃபிலிம் ஒட்டி எக்ஸ்ரே எடுப்போம். தடித்த இரும்பு என்றால் 200 கிலோவோல்ட்டாவது வைக்க வேண்டும். காற்று கதிரைத் தடுக்கும் என்று யாரும் நினைப்பதே இல்லை. தடுக்காது என்பதால்தான் அவ்வளவு தூரம் கயிறு.

மகள் தொடக்கக் கல்லூரியில் படிக்கிறாள். சந்திரா என்ற எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி பற்றி ஒப்படைப்பு எழுதியிருக்கிறாள். பூமியின் காற்று எக்ஸ்-கதிரை உள்ளே விடாது, அதனால் 1999-ல் விண்வெளிக்கு அனுப்பினார்கள் என்கிறது ஒரு பக்கம். ஓரியன் முகில் என்ற விண்வெளி வாயு, தூசி மேகத்துக்குள் மறைந்திருக்கும் இளம் விண்மீன்களை எக்ஸ்-கதிர் தூசியைத் துளைத்துக் காட்டுகிறது என்கிறது அடுத்த பக்கம். ஒளியாண்டுக் கணக்கில் முகிலைத் தாண்டி வருவது நம் காற்றில் நின்றுவிடுமா? கேட்டால் "நோட்ஸ்ல அப்படித்தான்பா இருக்கு" என்கிறாள்.

பொங்கோல்_மாடி:
அண்ணே, எங்கள் புளோக்கிலிருந்து ஓரியனின் இடுப்பில் இருக்கும் மூன்று நட்சத்திரம் தெரிந்தாலே பெரிய விஷயம் லா. சந்திரா என்பது நிலா இல்லை, வானியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் என்று முதல் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள்.

திருவாதிரை:
இரண்டு பக்கமும் சரிதான். உங்கள் மெஷின் கதிரும் விண்மீன் கதிரும் ஒரே ரகம் இல்லை. கதிரின் ஆற்றலைக் கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் அளப்பார்கள். உங்கள் 200 கிலோவோல்ட் மெஷினில் அது 200 வரை போகும், சந்திரா பார்ப்பது பெரும்பாலும் அரை முதல் 8 வரைதான். 1 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிரைத் தடுக்க இரும்பே தேவையில்லை. சில சென்டிமீட்டர் காற்று போதும், கிட்டத்தட்ட முழுவதும் போய்விடும்.

அப்புறம், தடிமனை ஒளியாண்டில் அளக்காதீர்கள், எடையில் அளங்கள். நம் தலைக்கு மேலே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ ஒரு கிலோ காற்று நிற்கிறது. ஓரியன் போன்ற முகிலில் விண்மீன் பிறக்கும் இடத்திலிருந்து நம் பக்கம் வரை அதே ஒரு சதுர சென்டிமீட்டர் பாதையில் பொதுவாக ஒரு கிராம்கூடத் தேறாது. அவ்வளவு அகலம் இருந்தும் ஒன்றுமே இல்லாத மாதிரி மெலிசு. அதிலும் ஆற்றல் குறைந்த மென்மையான கதிர்கள் மாட்டிக்கொள்ளும். 2, 3 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலே உள்ளவைதான் தப்பி வரும். கண்ணுக்குத் தெரியும் ஒளியோ தூசியிலேயே செத்துவிடும்.

வெல்டு_ஃபிலிம்:
எடைக் கணக்கு புரிகிறது, நாங்களும் அடர்த்தியும் தடிமனும் பார்த்துத்தான் நேரம் வைக்கிறோம். ஆனால் எங்கள் டியூபில் எலக்ட்ரானை விரட்டி டங்ஸ்டன் மேல் மோத விடுகிறோம். அங்கே டங்ஸ்டன் ஏது? இளம் விண்மீனின் மேற்பரப்பு வெறும் 4,000 டிகிரிதான், சூரியனைவிடக் குளிர் என்று வேறு எழுதியிருக்கிறாள்.

திருவாதிரை:
மேற்பரப்பிலிருந்து வருவதில்லை. பிறந்து சில லட்சம், சில மில்லியன் ஆண்டுகளே ஆன விண்மீன் வேகமாகச் சுழலும், உள்ளே கொதித்துப் புரளும். அதனால் காந்தப்புலம் பலமாக இருக்கும். புலக்கோடுகள் முறுக்கேறி, அறுந்து, வேறு விதமாகச் சேரும்போது மேலே உள்ள வாயு கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடாகும். அந்த வாயுவின் எலக்ட்ரான்கள் அணுக்கருக்களின் அருகே போய் வளையும்போது எக்ஸ்-கதிர். உங்கள் டங்ஸ்டனில் நடப்பதும் இதுதான், இங்கே வாயுவே இலக்கு.

2003 ஜனவரியில் சந்திரா ஏறக்குறைய 13 நாள் அந்த முகிலில் ஒளிரும் பகுதியான ஓரியன் நெபுலாவையே பார்த்தது. 1,600-க்கும் மேற்பட்ட எக்ஸ்-கதிர்ப் புள்ளிகள் கிடைத்தன, பெரும்பாலும் இளம் விண்மீன்கள். சூரியனில் காணாத அளவு பெரிய வெடிப்புகளும் பதிவாயின. எனக்குப் பிடித்தது வேறு. சுற்றியுள்ள தூசி வட்டை இழந்துவிட்ட இளம் விண்மீனை அகச்சிவப்பில் பார்த்தால் வழியில் வந்த கிழட்டு விண்மீனிலிருந்து பிரிக்கவே முடியாது. எக்ஸ்-கதிரில் பிரகாசமாக நின்றால் இளசு என்று பிடித்துவிடலாம். உங்கள் மகள் இதை ஒரு வரியில் கடந்துவிட்டால் வீணாகிவிடும்.

அந்தத் தரவு பொதுவில் கிடைக்கிறது. டிஎஸ்9 என்ற இலவச மென்பொருளில் திறக்கலாம். ஃபிலிம் கிடையாது, சிசிடி என்ற மின்னணுச் சில்லு. ஒவ்வொரு ஃபோட்டானும், அதாவது கதிரின் ஒவ்வொரு துகளும், எங்கே, எப்போது, எவ்வளவு ஆற்றலோடு விழுந்தது என்று தனித்தனியாக இருக்கும்.

வெல்டு_ஃபிலிம்:
நன்றி சார். கதிர் பட்ட இடம் எங்கள் ஃபிலிம் மாதிரி கறுப்பாகத் தெரியுமா?

திருவாதிரை:
வெள்ளையாகத் தெரியும். நிறத்தைத் தலைகீழாக்க அதிலேயே வசதி உண்டு, உங்கள் கண்ணுக்கு அதுதான் பழக்கம்.