நீல எல்.ஈ.டி மேல் என் சிவப்பு பாஸ்பர் ஏன் ஒளிரவில்லை?

பொடிமட்டை:
இட்ரியம் போரேட்டில் 5 மோல் சதவீதம் யூரோப்பியம் சேர்த்து, திண்மநிலை வினையில் பாஸ்பர் (ஒரு ஒளியை வாங்கி வேறு நிறத்தில் உமிழும் பொடி) செய்திருக்கிறேன். எக்ஸ்.ஆர்.டி (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் சோதனை) சுத்தம். 254 நானோமீட்டர் யூ.வி விளக்கின் கீழ் நன்றாகவே ஒளிர்கிறது. ஆனால் இரண்டு விஷயம் இடிக்கிறது. நிறம் சிவப்பாக இல்லை, ஆரஞ்சு. நிறமாலையில் 592-இல் வரும் கோடு 612-ஐ விட உயரம். அப்புறம், 450 நானோமீட்டர் நீல எல்.ஈ.டி சிப் மேல் பூசினால் ஒன்றுமே இல்லை. அதே சிப்பில் சீரியம் கலந்த யாக் (இட்ரியம் அலுமினியம் கார்னெட்) மஞ்சளாகப் பளிச்சென்று இருக்கிறது. யூரோப்பியத்தை 15 ஆக்கினால் சரியாகுமா?

நிறமாலைப்பித்தன்:
கூட்டாதீர்கள், காசுதான் போகும். பொடியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்: யாக் மஞ்சள், உங்களுடையது வெள்ளை. கண்ணுக்குத் தெரியும் ஒளி எதையும் அது பெரிதாக விழுங்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். விழுங்காதது எப்படி ஒளிரும்?

மூன்று நேர்மின் யூரோப்பியத்தில் எலக்ட்ரான் 4எஃப் என்ற உள் கூட்டுக்குள்ளேயே தாவுகிறது. வெளியே உள்ள 5எஸ், 5பி எலக்ட்ரான்கள் அதை மூடிக் காப்பதால் கோடுகள் ஊசி மாதிரி வருகின்றன. ஆனால் விதிப்படி அது தடைப்பட்ட தாவல், உறிஞ்சுதல் அற்பம். 394, 465 அருகே மெல்லிய கோடுகள் உண்டு, உங்கள் 450 இரண்டிலும் படாமல் நடுவில் விழுகிறது. 254-இல் வேலை செய்வது வேறு: ஆக்சிஜனிலிருந்து யூரோப்பியத்துக்கு எலக்ட்ரான் நகரும் சார்ஜ் டிரான்ஸ்ஃபர் பட்டை. அது வலுவானது, ஆனால் புற ஊதாவோடு நின்றுவிடும்.

சீரியம் 4எஃப்-இலிருந்து 5டி-க்குப் போகிறது. இது அனுமதிக்கப்பட்ட தாவல், 5டி-யைப் படிகப் புலம் (சுற்றியுள்ள அயனிகளின் மின்புலம்) நேரடியாகத் தொடுகிறது. அதனால்தான் பட்டை அகலம். ஒளிர்வின் வாழ்நாள் (தூண்டல் நின்றபின் ஒளி மங்கும் நேரம்) அளந்தால் வித்தியாசம் முகத்தில் அறையும்: யாக்கில் சீரியத்துக்கு 60–70 நானோவினாடி, உங்களுடையதுக்கு மில்லிவினாடிக் கணக்கு.

உலைக்காவலன்:
ஆரஞ்சு உங்கள் தயாரிப்பின் குறை இல்லை. 592 காந்த இருமுனைத் தாவல் (ஒளியின் காந்தப் புலத்தோடு நடப்பது), சுற்றுப்புறம் எப்படி இருந்தாலும் அதிகம் மாறாது. 612 மின் இருமுனைத் தாவல் (மின்புலத்தோடு நடப்பது). அயனி நிற்கும் இடத்துக்குச் சமச்சீர் மையம் (எதிரெதிர்ப் பக்கங்கள் ஒன்றுபோல் அமைவது) இருந்தால் படுத்துவிடும். இட்ரியம் போரேட் கிட்டத்தட்ட அப்படிப்பட்ட இடம்தான். பிளாஸ்மா டிவிக்காரர்களே இந்த ஆரஞ்சோடு மல்லுக்கட்டியவர்கள். இட்ரியம் ஆக்சைடில் நான்கில் மூன்று இடங்களுக்கு அந்த மையம் இல்லை, அதனால் 611 ஓங்கி நிற்கும். குழல் விளக்குகளில் சிவப்புக்கு அதைப் போட்டது சும்மா இல்லை.

பொடிமட்டை:
நன்றி. அப்படியென்றால் நீல சிப்புக்கு யூரோப்பியமே ஆகாதா? இன்னொன்று: 508-இல் ஒரு குட்டி உச்சி தெரிகிறது. டெர்பியம் மாசு கலந்துவிட்டதோ என்று பயம்.

நிறமாலைப்பித்தன்:
ஆகும், இரண்டு நேர்மின் யூரோப்பியமாக இருந்தால். அதுவும் 5டி தாவல். கால்சியம் அலுமினியம் சிலிக்கான் நைட்ரைடில் போட்டால் நீலத்தை அள்ளி விழுங்கி 650 பக்கம் தரும். ஆனால் பட்டையின் வால் 700-ஐத் தாண்டிப் போகிறது. அங்கே கண்ணுக்குச் சுரணையே இல்லை, லூமன் (கண் உணரும் வெளிச்ச அளவு) வீண். செய்வதும் சுலபமில்லை: கால்சியம் நைட்ரைடு காற்று பட்டாலே கெடும், காற்றுப் புகாத குளோவ் பாக்ஸ் வேண்டும்.

508 டெர்பியம் இல்லை. டெர்பியமாக இருந்தால் 544-இல்தான் உயரமான கோடு வரும். 254-ஐ இரண்டால் பெருக்கிப் பாருங்கள். ஒளியைப் பிரிக்கும் கிரேட்டிங்கின் இரண்டாம் வரிசை: விளக்கின் 254 ஒளியே இருமடங்கு இடத்திலும் தெரிகிறது. உமிழ்வுப் பக்கம் 300-க்குக் கீழே வெட்டும் ஃபில்டர் ஒன்றைப் போட்டு மறுபடி எடுங்கள், காணாமல் போய்விடும்.