பிந்துராங்: திரையில் கண்டதும் கிளையில் கண்டதும்

தொடக்கப் பதிவு

விலங்குக் காட்சியகம் அமைத்து நடத்தும் கணினி விளையாட்டான பிளானட் ஜூவுக்கு 2021 மார்ச் மாதம் வெளிவந்த தென்கிழக்கு ஆசிய விலங்குத் தொகுப்பில்தான் பிந்துராங் என்ற பெயரையே முதன்முதலில் படித்தேன். மலேயத் தபீர், சூரியக் கரடி, படைச்சிறுத்தை ஆகியவற்றுக்கு நடுவே, கரடியின் உடலில் பூனையின் முகத்தைப் பொருத்தியதுபோல் தோன்றிய இந்தக் கறுத்த விலங்கு என்னைக் கவர்ந்துவிட்டது. இது கரடியும் அன்று, பூனையும் அன்று, புனுகுப்பூனைக் குடும்பத்தில் மிகப் பெரிய உடல் கொண்ட இனங்களுள் ஒன்று என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அதற்கென நான் அமைத்த வாழிடம் விசாலமாக இருந்தது. ஆனால் தட்டையாக இருந்தது. புல்தரையும் ஒரு குளமும் ஓரத்தில் இரண்டு மரக்கட்டைகளும் போதும் என்று எண்ணியிருந்தேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு விலங்குக் காட்சியகத்தில் உண்மையான பிந்துராங்கின் அடைப்பின்முன் நின்றபோது, தரையில் தேடிய என் கண்களுக்கு எதுவும் தென்படவில்லை. முதலில் வந்து சேர்ந்தது வாசனைதான். அப்போதுதான் பொரித்தெடுத்த பாப்கார்னின் வெதுவெதுப்பான மணம். தலையை உயர்த்திப் பார்த்தபோது, ஒரு தடித்த கிளைமேல் வயிற்றை அழுத்தி, நான்கு கால்களையும் இருபுறமும் தொங்கவிட்டபடி அது உறங்கிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் காத்திருந்தேன். விழித்தெழுந்தபின் அது தலைகீழாக இறங்கிய விதத்தை என்னால் மறக்க இயலவில்லை: பின்னங்கால்களைப் பின்பக்கமாகத் திருப்பி நகங்களை மரப்பட்டையில் ஊன்றிக்கொண்டு, முன்கால்கள் அடுத்த பிடியை உறுதிசெய்யும்வரை வாலின் நுனியைக் கிளையிலிருந்து விடுவிக்காமல், ஒவ்வோர் அடியையும் அளந்து வைத்தது. ஊனுண்ணி வரிசையில் இப்படிப் பற்றிக்கொள்ளும் வால் உடையவை இரண்டே. மற்றொன்று அமெரிக்கக் கண்டத்துக் கின்காஜூ.

விளையாட்டை வடிவமைத்தவர்கள் காதோர மயிர்க் கற்றைகளையும் நீண்ட வெண்மீசையையும் அக்கறையுடன் செதுக்கியிருக்கிறார்கள் என்பதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆயினும் அந்த ஒரு மணி நேரத்தில் நான் உணர்ந்த மணத்துக்கும் நிதானத்துக்கும் திரையில் இடமில்லை. உங்களில் யாரேனும் இவ்விலங்கை அருகிலிருந்து கண்டிருந்தால் எழுதுங்கள்.

மறுமொழி

நான் இரண்டு ஆண்டுகள் ஒரு வனவிலங்குக் காப்பகத்தில் தன்னார்வலராக இருந்தேன். பழம் நறுக்கி வைப்பதும் அடைப்பைக் கழுவுவதும் என் பணி. நண்பர் குறிப்பிட்ட மணத்தின் காரணத்தை ஒவ்வொரு காலையும் துடைத்தெடுத்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அந்த மணம் உடலிலிருந்து வியர்வையாக வருவதன்று, சிறுநீரிலிருந்து வருவது. பிந்துராங் குந்தியபடி சிறுநீர் கழிக்கும்போது அதன் பாதங்களும் அடர்ந்த வாலும் நனைந்துவிடுகின்றன. அது ஏறி இறங்கும் மரமெல்லாம் அந்த முகவரியைத் தாங்கி நிற்கிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 33 பிந்துராங்குகளின் சிறுநீரைச் சோதித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், அனைத்து விலங்குகளிடமும் காணப்பட்ட சேர்மம் 2-அசிட்டைல்-1-பைரோலின் என்று கண்டறிந்தார்கள். சூடான பாப்கார்னுக்கும் பாசுமதி அரிசிக்கும் மணம் தருவதும் இதே சேர்மம்தான். தனித்து வாழும் ஒரு விலங்கு, தான் சென்றபிறகும் தன்னைப் பற்றிய செய்தியைக் கிளையில் விட்டுச்செல்லும் வழி இது. ஆகவே மணமில்லாத பிந்துராங் என்பது பாதி ஊமையாக்கப்பட்ட பிந்துராங் என்றே எனக்குத் தோன்றுகிறது.

விளையாட்டைப் பற்றி என் குறை வேறு. அதில் ஒரே மாலைப் பொழுதில் பல ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. குட்டிகள் பிறந்து வளர்ந்து அவையும் ஈன்றுவிடுகின்றன. உண்மையில் கருக்காலம் ஏறத்தாழ 91 நாட்கள். பெண் விலங்கு இனப்பெருக்க வயதை எட்டவே இரண்டரை ஆண்டுகள் ஆகும். எங்கள் காப்பகத்தில் இரண்டு குட்டிகள் பிறந்தபோது முதல் சில நாட்கள் அவற்றை நாங்கள் காணவே இல்லை; கண் திறவாத அவை தாயின் அடர்ந்த மயிருக்குள் மறைந்து கிடந்தன. தாய் ஆணைவிடப் பெரியவள். பழத்தட்டுக்கு முதலில் வருபவளும் அவளே. மனநிறைவோடு இருக்கும்போது அவள் சிரிப்பதுபோல் மெல்ல ஒலியெழுப்புவாள், சினந்தால் உறுமுவாள். அந்தப் பற்களையும் நகங்களையும் பார்த்தபிறகும் இதைச் செல்லப்பிராணியாக வாங்க விரும்புவோர் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மறுமொழி

என்னுடைய அனுபவம் சிறியது. தாய்லாந்தின் காவோ யாய் தேசியப் பூங்காவில், கனிந்திருந்த ஓர் அத்திமரத்தின்கீழ் அதிகாலையில் நின்றிருந்தோம். இருவாச்சிகளை எதிர்பார்த்துத் தொலைநோக்கியைத் திருப்பியபோது, கருநிழல் என்று நான் நினைத்திருந்த ஒரு பகுதி வாலை நீட்டி அடுத்த கொப்பைப் பிடித்தது. சுமார் இருபது நிமிடங்கள் அது அவசரமின்றி அத்திப்பழம் தின்றது. பின்னர் அடிமரம் வழியாக இறங்கிப் புதருக்குள் சென்று மறைந்தது. அவ்வளவு கனத்த உடலைக் கொண்டு மரத்துக்கு மரம் தாவ இயலாது என்பதால் இவை இப்படித் தரைக்கு வருகின்றன. வேட்டைக்காரர்களின் கண்ணிகளில் சிக்குவதும் தரையில்தான். அது விழுங்கிச் சென்ற அத்தி விதைகள் வேறொரு மரத்தின் கவட்டில் விழுந்து முளைக்கும் என்பதை வழிகாட்டி விளக்கியபோது, அந்த விலங்கை இழந்தால் காடு எதை இழக்கும் என்பது எனக்கு விளங்கியது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை அழிவாய்ப்பு இனமாகப் பட்டியலிட்டுள்ளது.

தொடங்கியவரின் பதில்

இருவருக்கும் நன்றி. நேற்றிரவு என் பழைய வாழிடத்தைக் கலைத்துவிட்டேன். குளத்தை மூடி, அவ்விடத்தில் ஏறுசட்டங்களை மூன்று அடுக்குகளாக எழுப்பி, மேல்தளங்களைச் சாய்வான கட்டைகளால் இணைத்திருக்கிறேன். பார்வையாளர் பாதையையும் உயர்த்தினேன். இப்போது அவர்கள் நிற்கும் மட்டமும் விலங்கு படுத்திருக்கும் மட்டமும் ஒன்றே.