ஈஸ்டர் மேசை அலங்காரம்: காசு செலவில்லாமல் நீங்கள் செய்தது என்ன?

ஈஸ்டர் நெருங்கினால் இங்கே ஜெர்மனியில் கடைக்குள் கால் வைக்க முடியாது. பிளாஸ்டிக் முட்டை, பஞ்சுக் கோழிக்குஞ்சு, பச்சைக் காகிதப் புல், முயல் பொம்மை. ஒரு மேசையை நிரப்பும் அளவுக்கு வாங்கினால் பர்ஸ் காலி, அடுத்த வாரமே எல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போய்விடும். எங்கள் வீட்டில் அதையெல்லாம் நிறுத்திவிட்டோம். காரணம் கீழ்வீட்டு ஜெர்மன் பாட்டி. ஒருநாள் நான் வெங்காயத் தோலைக் குப்பையில் கொட்டப் போனபோது பாதி வழியில் நிறுத்தி, "அதை எனக்குக் கொடு" என்று வாங்கிக்கொண்டு போனார். எதற்கு என்று கேட்டதற்கு ஈஸ்டருக்கு முந்தின நாள் வா, காட்டுகிறேன் என்றார்.

போனேன். ஒரு பழைய பாத்திரம் நிறையத் தோல், மூழ்கும் அளவுக்குத் தண்ணீர், கொஞ்சம் வினிகர். அரை மணி நேரம் கொதித்ததும் தண்ணீர் கருஞ்சிவப்பாக மாறிவிட்டது. வெள்ளை முட்டை மேல் ஈரமான பார்ஸ்லி இலை ஒன்றைப் பரப்பி ஒட்டவைத்து, கிழிந்துபோன நைலான் காலுறையில் ஒரு துண்டு வெட்டி, அதற்குள் முட்டையைப் போட்டு இறுக்கிக் கட்டி அந்தத் தண்ணீரில் வேகவைத்தார். ஆறியதும் நூலை அறுத்து இலையை உரித்தால் செம்மண் நிற ஓட்டின்மேல் இலையின் பல்பல்லான விளிம்பு வரைக்கும் வெளிறிய அச்சாக நிற்கிறது! கடைசியாக ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுத் துடைத்தார், பளபளவென்று ஆகிவிட்டது. நான் பார்ஸ்லிக்குப் பதில் கொத்தமல்லி இலை வைக்கிறேன், அச்சு இன்னும் அழகாக விழுகிறது. சாம்பார், பிரியாணி என்று தினமும் வெங்காயம் உரிக்கிற வீட்டில் தோலுக்கா பஞ்சம்?

இன்னொன்று, இங்கே ஜாடியில் கிளைகளை வைத்து ஊதிய முட்டைகளைத் தொங்கவிடுவார்கள். ஊசியால் இரண்டு பக்கமும் துளை போட்டு, ஒரு பக்கம் வாயை வைத்து ஊதினால் உள்ளே இருப்பதெல்லாம் கிண்ணத்தில் இறங்கிவிடும். அன்று ராத்திரி ஆம்லெட்தான், வேறு வழியில்லை. சால்ஃபெல்ட் என்ற ஊரில் ஒரு குடும்பம் 1965இல் தங்கள் தோட்டத்து ஆப்பிள் மரத்தில் 18 முட்டையோடு ஆரம்பித்து, 2012இல் பத்தாயிரத்தைத் தொட்டுவிட்டது. நமக்கு ஒரு ஜாடி போதும். மொட்டு விட்ட ஃபோர்சித்தியா கிளையை ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே வெட்டிச் சூடான அறையில் தண்ணீரில் வைத்தால் ஈஸ்டருக்கு மஞ்சளாகப் பூத்து நிற்கும். காட்டோரத்து வில்லோ கிளையை மட்டும் ஒடிக்காதீர்கள், அந்தப் பூ குளிர்காலம் முடிந்து வரும் தேனீக்களுக்குக் கிடைக்கும் முதல் தீனிகளில் ஒன்று.

உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்? எழுதுங்கள்.

பதில், டொராண்டோவிலிருந்து:

அக்கா, நாங்கள் கோவாவில், அதாவது முட்டைக்கோஸில் செய்கிறோம். ஊதாக் கோவா. பாதிக் கோவாவை அரிந்து அவித்து வடித்து, இரண்டு கரண்டி வினிகர் விட்டு, அவித்த வெள்ளை முட்டையை அதற்குள் போட்டு ஃப்ரிட்ஜில் இரவு முழுக்க வைத்தால் விடிய நல்ல நீலம். தண்ணீர் ஊதாவாக இருக்கும், முட்டை நீலமாக வரும், என் பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் அதற்கே வாயைப் பிளப்பார்கள். மஞ்சள் தூளில் மஞ்சள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் வேறு சோடனையே தேவையில்லை.

பூ வைக்கிறவர்கள் கவனம். இங்கே ஈஸ்டர் என்றாலே வெள்ளை லில்லியைத்தான் எல்லாரும் வாங்குவார்கள். பூனை இருக்கிற வீட்டுக்குள் அதைக் கொண்டுவரவே கூடாது. இலை, பூந்தூள், ஜாடித் தண்ணீர்கூட பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். எங்கள் மாமி வீட்டில் ஒருமுறை விருந்தாளி கொண்டுவந்த லில்லியை மாமா வாசலிலேயே வாங்கி, வந்தவர் முகம் சுருங்கினாலும் பரவாயில்லை என்று, நேரே பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். டாஃபடிலும் டியூலிப்பும் ஒரே ஜாடியில் வைப்பதென்றால், டாஃபடிலை வெட்டி ஒரு அரை நாள் தனித் தண்ணீரில் வைத்து, பிறகு தண்டைத் திரும்ப வெட்டாமல் சேருங்கள். அதன் பிசின் டியூலிப்பை வாடவைத்துவிடும்.

பதில், தூத்துக்குடியிலிருந்து:

எங்களுக்கு இங்கே டியூலிப்பும் கிடையாது, குளிரும் கிடையாது, ஏப்ரல் வெயிலில் எந்தப் பூவும் மதியம் வரை நிற்காது. எங்களுக்குக் கைகொடுப்பது ஓலைதான். குருத்தோலை ஞாயிறுக்குத் தென்னங்குருத்து வெட்டுகிறவரிடம் கூட நாலு ஓலை கேட்டு வாங்கிக்கொள்வோம். மந்திரித்த ஓலையை அலங்காரத்துக்குத் தொடக்கூடாது என்பது எங்கள் பாட்டி கட்டளை. அது சுவரில் சிலுவைக்குப் பின்னால் இருக்கும், அடுத்த வருடம் திருநீற்றுப் புதனுக்குச் சாம்பலாகும். அதனால் தனி ஓலை.

கிளி, பூ, சின்னச் சிலுவை, வெட்டுக்கிளி என்று பின்னி, நள்ளிரவுப் பாஸ்கா பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் மேசையில் வைத்துவிடுவோம். வெட்டுக்கிளி பின்னுவதில் எங்கள் சித்தப்பாவை அடிக்க ஆளில்லை. ஈர்க்கை உருவாமல் அப்படியே விட்டு அதையே மீசையாக நீட்டிவிடுவார், மேசையில் கை பட்டால் அந்த மீசை ஆடும். சின்னப் பிள்ளைகள் சாப்பாட்டை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கும்.

மறுபதில், ஜெர்மனியிலிருந்து:

தூத்துக்குடி அக்கா, வெட்டுக்கிளி மீசைக்காகவே ஊருக்கு வர வேண்டும் போலிருக்கிறது. பின்னுவதைப் படம் எடுத்துப் போடுங்களேன். இங்கே ஆசியக் கடைகளில் வாழை இலைதான் உறைய வைத்து விற்கிறான், ஓலைக்கு எங்கே போக?

பதில், மதுரையிலிருந்து:

நாங்கள் ஈஸ்டர் கொண்டாடுவதில்லை, ஆனால் இதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. துபாயில் இருந்தபோது பக்கத்து வீட்டு ஈரானியக் குடும்பம் நவ்ரூஸ் புத்தாண்டுக்கு மேசை வைப்பார்கள். பூண்டு, ஆப்பிள், வினிகர் என்று அவர்கள் மொழியில் 'ஸ' ஒலியில் தொடங்கும் ஏழு பொருள், அதோடு கண்ணாடி, சாயம் பூசிய முட்டை. நடுவில் ஒரு தட்டு நிறைய முளைவிட்ட கோதுமை, சுற்றிலும் சிவப்பு ரிப்பன். பார்த்ததும் "இது முளைப்பாரி ஆச்சே" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்! பதின்மூன்றாம் நாள் அதை எடுத்துப்போய் ஓடும் தண்ணீரில் விடுவார்கள் என்று சொன்னபோது எனக்குப் பேச்சே வரவில்லை. நாமும் கொண்டுபோய் ஆற்றிலோ குளத்திலோதானே கரைக்கிறோம்.

அதைப் பார்த்துத்தான் உடைத்த முட்டை ஓட்டில் ஈரப் பஞ்சு வைத்துக் கடுகு தூவினேன். வெந்தயமும் போடலாம். ஒரு வாரத்தில் பச்சைத் தலைமுடி மாதிரி எழுந்து நிற்கும், ஓட்டில் கண்ணும் வாயும் வரைந்தால் போதும். முட்டை வைக்கிற அட்டையை வெட்டினால் அதுவே தாங்கி. தண்ணீர் ஊற்றாதீர்கள், தெளித்தால் போதும், இல்லையென்றால் பஞ்சு நாறிவிடும்.

அப்புறம் ஒன்று கேட்க வேண்டும், ஜெர்மனி அக்கா. அந்த வெங்காயத் தோல் முட்டையை அலங்காரம் முடிந்ததும் சாப்பிடுவீர்களா?

மறுபதில், ஜெர்மனியிலிருந்து:

தாராளமாக. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் வெளியே கிடந்ததைச் சாப்பிடுவதில்லை. காலைச் சாப்பாட்டுக்கு உட்காரும்போதுதான் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அடுக்குவேன், முடிந்ததும் மிச்சம் திரும்ப உள்ளே போய்விடும். மறுநாள் முட்டைக் குழம்பு.