வாப்பா கவிழ்த்துக் காட்டிய அட்டை, இன்னும் சிலருடைய அனுபவங்கள் (விஞ்ஞானச் செய்தி ஒன்று தங்களைத் தொட்ட விதத்தைப் பற்றி ஒரு குழுவில் சிலர் எழுதியவை)

மருதமுனை நெசவுக்காரர் மகன்:

'தொப்பி' என்ற தரை ஓடு பற்றி இங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 மார்ச்சில் வந்த செய்தி. அந்த ஒரே வடிவத்து ஓடுகளை வைத்து எவ்வளவு பெரிய தரையையும் இடைவெளி விடாமல் மூடலாம், ஆனால் கோலம் மடங்கி வராது, அதாவது ஒரே தூரத்துக்கு ஒருமுறை அப்படியே திரும்ப வராது. 1966இல் கணிதக்காரர் ரொபர்ட் பேர்கர் இப்படி ஒரு தொகுதியைச் செய்தபோது அவருக்கு 20,426 விதமான ஓடுகள் தேவைப்பட்டன. 1970களில் பென்ரோஸ் அதை இரண்டுக்குக் கொண்டுவந்தார். ஒன்று போதும் என்று காட்டிய வடிவத்தைக் கண்டுபிடித்த டேவிட் ஸ்மித், இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் அச்சுத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்றவர். அட்டையில் வெட்டி அடுக்கிப் பார்த்துத்தான் கண்டிருக்கிறார்.

நானும் வெட்டினேன். பால்மாப் பெட்டி அட்டை, 13 பக்க வடிவம், அறுபது துண்டு. தறிக்குப் பக்கத்தில் சீமெந்துத் தரையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். வாப்பா நாற்பது வருடம் தறியில் இருந்தவர். ஒரு சாரனைக் கையில் கொடுத்தால் எத்தனை இழைக்கு ஒருமுறை பூ மடங்குகிறது என்று விரலால் தடவியே சொல்லிவிடுவார். வந்து குந்தினார்.

"இது எங்க மனே மடங்குது?"

"மடங்காது வாப்பா."

"மடங்காத பூ உலகத்தில இல்ல."

விரலை வைத்து ஒவ்வொரு துண்டாகப் போனார். அஸர் தொழுதுவிட்டு வந்து மறுபடியும் குந்தினார். நான் காரணத்தைச் சொல்லிப் பார்த்தேன். துண்டுகள் சேர்ந்து கொத்தாகின்றன, கொத்துகள் சேர்ந்து அதே முறையில் பெரிய கொத்தாகின்றன, அது முடிவே இல்லாமல் போகிறது. கோலம் ஏதோ ஒரு தூரத்தில் மடங்குகிறது என்றால் அந்தத் தூரத்தை விடப் பெரிய கொத்துகளும் அதே தூரத்தில் மடங்க வேண்டும். தன்னை விடச் சிறிய தூரம் நகர்ந்து ஒரு கொத்து தன் இடத்திலேயே எப்படி உட்காரும்? அவர் அதைக் கேட்டுக்கொண்டாரே தவிர விரலை எடுக்கவில்லை.

அப்புறம் நிமிர்ந்தார். "இதெல்லாம் ஏன் கவிழ்த்து வச்சிருக்கு?" அட்டையின் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சாம்பல். பச்சைகளுக்கு நடுவே ஏழெட்டுச் சாம்பல் கிடந்தது. "துணிக்கு முகம் ஒண்டு, முதுகு ஒண்டு. ரெண்டையும் கலந்து போட்டா அது ஒரு துணி இல்ல மனே."

"கவிழ்த்தாலும் அதே வடிவம்தான் வாப்பா, கணக்கில அது பரவாயில்ல" என்று சொல்லி அள்ளிக் கட்டிவிட்டேன். ஏப்ரல் மாதம் அது. அதே கேள்வியைத்தான் அந்த நேரம் கணிதக்காரர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மே மாதக் கடைசியில் ஸ்மித்தும் அவரோடு சேர்ந்து வேலை செய்த மயர்ஸும் கப்லனும் குட்மன்-ஸ்ட்ராஸும் ஸ்பெக்டர் என்ற அடுத்த ஓடு ஒன்றை வெளியிட்டார்கள். அதில் ஒன்றைக்கூடக் கவிழ்க்கத் தேவையில்லை. ஆறு வாரத்துக்கு முன் என் வீட்டுத் தரையிலேயே அந்தக் கேள்வி இருந்தது, நான் அதைக் காதில் வாங்கவில்லை. இயற்கையில் இப்படி மடங்காத ஒழுங்கு கிடையாது, மனிதன் தாளில் கண்டது என்றும் அன்றைக்கு அவருக்குச் சொல்லி வைத்தேன்.

களுவாஞ்சிக்குடி பௌதிக ஆசிரியர்:

தம்பி, வாப்பாவின் கதை நல்ல கதை. ஆனால் கடைசி வரி பிழை, அதை அவரிடம் திருத்திச் சொல்ல வேண்டும். 1982 ஏப்ரல் 8ஆம் தேதி டான் ஷெக்ட்மன் என்ற விஞ்ஞானி அமெரிக்காவில் அலுமினியமும் மங்கனீசும் கலந்த உலோகத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது பத்துப் புள்ளிகள் வட்டமாகத் தெரிந்தன. பளிங்கு என்றால் அணுக்கோலம் மடங்கி வர வேண்டும், மடங்கினால் பத்து வராது. அன்றைய விதி அது. ஆய்வுக்குழுவை விட்டே அவரைப் போகச் சொன்னார்கள். இரண்டு நோபல் பரிசு வாங்கிய லைனஸ் போலிங் 1994இல் சாகும் வரை இதை ஏற்கவில்லை. 2011இல் ஷெக்ட்மனுக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. மடங்காத ஒழுங்கு உலோகத்துக்குள்ளேயே இருக்கிறது.

என் அனுபவம் இதோடு சேர்ந்ததுதான். 2009, உயர்தர வகுப்பு. பளிங்கு அமைப்புகளைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தேன். ஒரு சுற்றுச் சுற்றினால் மூன்று, நான்கு, ஆறு தரம் அதே கோலம் வரும் என்று போனதும் முன்வரிசையில் ஒரு பிள்ளை எழும்பி, "ஏன் சேர் ஐந்து வராது?" என்றது. ஒழுங்கான ஐங்கோணத்தால் தரையை மூட முடியாது, அதனால் வராது, பாடத்திட்டத்தில் இல்லாததைக் கேளாதே என்றேன். அந்தப் பிள்ளை உட்கார்ந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கொப்பியை மூடியே விட்டது. நோபல் செய்தி வந்தபோது அது பள்ளிக்கூடத்தை விட்டுப் போய்விட்டது. வகுப்பில் படிப்பிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: விடை தெரியாவிட்டால் அந்தக் கேள்வியைப் பலகை ஓரத்தில் எழுதி அழிக்காமல் விடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

கல்லடித் தோணி:

என் அம்மப்பா மட்டக்களப்பு வாவியில் மீன்பிடித்தவர். பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மேல்முனையில் காதை வைத்துக் கேட்பார். சின்ன வயதில் என்னையும் கேட்க வைத்திருக்கிறார். மீன் பாடுகிறது என்று ஊர் சொல்லும், ஊரி, அதாவது ஒருவகை நீர்நத்தை, என்பார் அவர்.

2016 பெப்ரவரி 11, இடத்தையே நீட்டிச் சுருக்கும் ஈர்ப்பலையைக் கண்டுவிட்டார்கள் என்ற அறிவிப்பு வந்த இரவு. இரண்டு கருந்துளைகள், சூரியனைப் போல் 36 மடங்கு ஒன்று, 29 மடங்கு மற்றது. அவை ஒன்றில் ஒன்று விழுந்த அதிர்வு 130 கோடி வருடம் வந்து, 2015 செப்டம்பர் 14ஆம் தேதி அமெரிக்காவில் இரண்டு கருவிகளைத் தொட்டது. 4 கிலோமீற்றர் நீளக் குழாய், அதில் அசைவு ஒரு புரோத்தனின் அகலத்தில் நூற்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. அதை ஒலியாக்கி வெளியிட்டிருந்தார்கள். நான் போனில் போட்டேன். ஒரு நொடிகூட இல்லை, கீழிருந்து மேலே ஏறி நின்றுவிடும்.

அம்மப்பாவுக்குக் கேட்கவில்லை. போனை வாங்கினார். எல்லோரையும் போல் காதில் வைக்கவில்லை. போனின் அடிமுனையைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் அழுத்தி, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்தார். துடுப்புக்கு வைப்பது போலவே.

"திரும்பப் போடு."

பதினைந்து தரமாவது போட்டிருப்பேன். கடைசியில் கேட்டார்: "அவங்க ஏன் ரெண்டு இடத்தில வச்சுக் கேட்டாங்க?" 3,000 கிலோமீற்றர் தள்ளி இரண்டாவது கருவி இருந்ததையும், அங்கே 7 மில்லி செக்கன் பிந்தித் தெரிந்ததையும், பக்கத்து றோட்டில் போகும் லொறியை அலையென்று நம்பிவிடாமல் இருக்கத்தான் அது என்பதையும் சொன்னேன். "ஓம், தோணி முட்டினாலும் துடுப்பில சத்தம் வரும்" என்றார். அந்த வருடம் ஐப்பசியில் போய்விட்டார். இப்போது எந்த அலைச் செய்தி வந்தாலும் எனக்குக் காதுக்குப் பின்னால்தான் உணர்வு வருகிறது.

களுவாஞ்சிக்குடி பௌதிக ஆசிரியர்:

ஈர்ப்பலை ஒலி அல்ல. ஒலிக்குக் காற்றோ நீரோ வேண்டும், இது இடமே நீண்டு சுருங்குவது. பிள்ளைகள் குழம்பிவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

கல்லடித் தோணி:

தெரியும் சேர். அதிர்வெண் 35 இலிருந்து 250 ஹேர்ட்ஸ் வரை, மனிதக் காதுக்கு எட்டுகிற அளவு, அதனால்தான் ஒலியாக்க முடிந்தது. அம்மப்பாவும் குழம்பவில்லை.

ஒரு தாய், அக்கரைப்பற்று:

எனக்கு விஞ்ஞானம் பெரிதாகத் தெரியாது. மகளுக்குத் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய், மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். 2023 நவம்பரில் அப்படி வாட்டில் இருந்தபோதுதான் காஸ்கெவி செய்தியைப் போனில் வாசித்தேன். பிரித்தானியா அனுமதித்துவிட்டது, கிறிஸ்பர் முறையில் மரபணுவை வெட்டும் முதல் மருந்து. கணக்கில் எடுத்த 42 தலசீமியாக்காரரில் 39 பேருக்குக் குறைந்தது ஒரு வருடத்துக்கு இரத்தம் ஏற்றவே தேவைப்படவில்லை.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. என்ன அம்மா வாசிக்கிறீங்க என்றாள். எனக்கு விளங்கினபடி சொன்னேன். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு வேறு ஒரு ஈமோகுளோபின் இருக்கும், பிறந்த பிறகு அதை உடம்பு நிறுத்திவிடும். நிறுத்தும் ஆணையை எந்த மரபணு கொடுக்கிறது என்று 2008இல் ஹார்வர்டில் கண்டார்கள். இந்த மருந்து அந்த ஆணையை வெட்டுகிறது, பழைய ஈமோகுளோபின் திரும்ப ஓடுகிறது.

பையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப உங்கட வயித்துக்குள்ள இருக்கக்குள்ள எனக்கு இந்த வருத்தம் இல்லையா?"

இல்லை மகள், நல்லாத்தான் இருந்தாய் என்றேன். அது உண்மை. ஒன்பது வருடமாக என்னிலிருந்துதான் அவளுக்கு வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

செங்கலடி, ஓய்வுபெற்ற ஆய்வுகூட உத்தியோகத்தர்:

தங்கச்சி, சில விடயங்கள் சொல்ல வேண்டும். முதலில், இந்த மருந்துக்கு அமெரிக்காவில் 22 இலட்சம் டொலர் விலை வைத்தார்கள், முதலில் 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான் அனுமதி கொடுத்தார்கள். மருந்தை ஏற்றுமுன் எலும்பு மச்சையைக் கீமோ கொடுத்து வெறுமையாக்குவார்கள், அதனால் பிற்காலத்தில் பிள்ளைப்பேறு பாதிக்கப்படலாம். இரண்டாவது, கூடப் பிறந்தவர் இருந்தால் மச்சை பொருந்துகிறதா என்று பாருங்கள், நாலில் ஒரு வாய்ப்பு. மூன்றாவது, இரத்தம் ஏற்றும்போது சேரும் இரும்பு இருதயத்திலும் ஈரலிலும் படியும், இரும்பு அகற்றும் மருந்தை ஒரு நாளும் விடாதீர்கள். சாப்பாட்டோடு தேயிலை குடித்தால் உணவிலிருந்து இரும்பு சேர்வது குறையும். நான்காவது, உங்கள் இரு பக்கத்துச் சொந்தக்காரரும் கல்யாணத்துக்கு முன் இரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும். தாய் தகப்பன் இருவரும் காவிகளாக, அதாவது தங்களுக்கு நோய் இல்லாமல் அந்த மரபணுவைச் சுமப்பவர்களாக, இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. வெளிநாட்டில் தண்டுக்கலம் ஏற்றிச் சுகமாக்குகிறோம் என்று விளம்பரம் போடுகிறவர்களை நம்பிக் காணி விற்க வேண்டாம்.

என் அனுபவம் சிறியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கண்ணாடித் தட்டில் நடுவில் பொட்டு வைத்தது போன்ற செங்கலங்களைப் பார்த்து, வடிவாக இருக்கிறதே என்று சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளையின் தகப்பன் கதவடியில் நின்றது எனக்குத் தெரியாது.

ஒரு தாய், அக்கரைப்பற்று:

ஐயா, பரிசோதனையெல்லாம் எப்போதோ செய்தாயிற்று, பொருந்தவில்லை. மருந்தும் விடுவதில்லை. நான் வழி கேட்டு எழுதவில்லை, அவள் கேட்டதைத்தான் எழுதினேன். அந்தத் தகப்பனிடம் பிறகு ஏதாவது கதைத்தீர்களா?

மருதமுனை நெசவுக்காரர் மகன்:

சேர் சொன்ன உலோகக் கதையைப் போன வெள்ளிக்கிழமை வாப்பாவிடம் சொன்னேன். ஸ்பெக்டரும் வெட்டினேன், ஓரங்களை வளைத்து, நாற்பது துண்டு. எல்லாம் பச்சைப் பக்கம் மேலே. நடுவிலிருந்து ஒன்றைக் கிளப்பிக் கவிழ்த்து அதே இடைவெளிக்குள் அழுத்தினார். உட்காரவில்லை. திருப்பிப் பச்சையாக வைத்ததும் உட்கார்ந்தது. "இது துணி" என்றார். அப்புறம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு மூலையிலிருந்து விரலை வைத்து மடங்கும் இடத்தைத் தேடத் தொடங்கினார்.